நம் வராண்டா கல்லும் அரிட்டாபட்டி மலையும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் மூன்று பிளாக்குகளின் வராண்டா தரையைப் பெயர்த்துவிட்டுப் புது கிரானைட் போடலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் முடிவெடுக்கப் போகிறோம். செலவுக் கணக்கு உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். அந்தக் கணக்கில் வராத ஒரு செலவைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், மேலூர் பக்கம், அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேருக்குச் சற்றே கூடுதலான நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அங்கே சுமார் 250 வகைப் பறவைகள் இருப்பதாக அரசே சொல்கிறது. லகுடு வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிப் பருந்து ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பும் உண்டு.

"வெறும் மொட்டைப் பாறைதானே, அதில் என்ன இருக்கிறது?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஷாகின் வல்லூறு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. செங்குத்தான பாறையின் விளிம்பில், மனிதர் கை எட்டாத இடத்தில் முட்டையிடும். கொம்பன் ஆந்தைக்கும் பாறை இடுக்குதான் வீடு. பாறையில் விழும் மழை சுனைகளில் தேங்கி, ஊற்றாகக் கசிந்து, கீழே உள்ள கண்மாய்களுக்குப் போகிறது. கோடையில் விலங்குகளுக்கு அந்தச் சுனைதான் குடிநீர்.

கல்குவாரியும் ஒருவகைத் திறந்தவெளிச் சுரங்கம்தான். முதலில் மேல்மண்ணையும் புதரையும் வழித்து எடுப்பார்கள். எறும்பும் கரையானும் அதோடு போய்விடும். அவற்றையே தின்று வாழும் அழுங்குக்கு அங்கே வேலையில்லை. லாரி போக மரங்களை வெட்டிப் பாதை போட்டால், கிளைவிட்டுக் கிளை நகரும் தேவாங்கு தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். நாயிடமோ சக்கரத்திலோ மாட்டிக்கொள்ளும். வெடிச் சத்தத்தில் பறவைகள் முட்டையை விட்டுப் பறந்துவிடும். கல்தூசி இலைகளில் படிந்து செடிகளின் வளர்ச்சியைக் கெடுக்கும்.

வேலை முடிந்த பிறகு மிஞ்சுவது ஆழமான குழி. அதில் தண்ணீர் நிற்கும். ஆனால் செங்குத்துச் சுவர் என்பதால், உள்ளே விழுந்த விலங்கு ஏறி வர முடியாது. ஈடாக வேறு இடத்தில் மரம் நடுகிறார்கள். காட்டுக்கு ஈடாக மரம் நடலாம்; பாறைக்கு ஈடாக எதை நடுவது?

அரிட்டாபட்டி தப்பித்தது ஊர் மக்களால். இந்தத் தலத்தையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்ததாக 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. கிராமத்தார் திரண்டார்கள், சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆனால் எல்லா மலைக்கும் இப்படிப் பெயரும் பாதுகாப்பும் கிடையாது. நாம் வாங்கும் கல் ஏதோ ஒரு பெயரில்லாத குன்றிலிருந்துதான் வருகிறது.

கல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டுச் சுவரில் இருப்பதே ஜல்லியும் எம்-சாண்டும்தான். தேவையில்லாமல் கேட்காமல் இருப்போம் என்பதுதான் என் வேண்டுகோள். பொதுக்குழுவின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: வராண்டாவில் உடைந்த கற்களை மட்டும் மாற்றுவோம். மங்கிப்போனதை மெருகேற்றினால் போதும். கிரானைட் பல ஆண்டுகள் உழைக்கும் கல்.

இரண்டு: வீட்டு வேலை செய்பவர்கள் கட்டட இடிபாட்டைக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கட்டி வையுங்கள். இதற்கான மத்திய அரசின் விதிகள் 2016-லேயே வந்துவிட்டன. பிரித்துக் கொடுத்தால் அதை நொறுக்கி நடைபாதைக் கல் செய்யலாம்.

மூன்று: அரிட்டாபட்டிக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். ஆண்டின் தொடக்க மாதங்கள் வல்லூறுகள் குஞ்சு வளர்க்கும் காலம். அப்போது பாறை விளிம்புகளில் ஏறாதீர்கள். ட்ரோன் பறக்க விடாதீர்கள். பைனாகுலர் இருந்தால் கீழிருந்தே நன்றாகத் தெரியும்.

வாக்களிக்கும் முன் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.