உறக்கமும் குணமும்

மனநோய் மருத்துவமனைகளில் உறக்க மருந்துகள் வழங்கிவந்த வரலாற்றைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகின்றேன். மாணவ நண்பர்கள் இதனை மருந்துகளின் கதையாக மட்டும் கொள்ளாமல், வலியோர் எளியோரை நடத்திய கதையாகவும் கொள்ளவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மனநோய் விடுதிகளில் நோயாளிகள் பலர், பணியாளர் சிலர். கூச்சலிட்டோரை விலங்காலும் தோல்வாராலும் கட்டிவைத்தனர். அது கொடுமை என்னும் உணர்வு பரவியபோது, கட்டுக்கு மாற்றாக மருந்து வந்தது. அவற்றுள் ஒன்று பொட்டாசியம் புரோமைடு. இவ்வுப்பு உடலினின்று மெல்லவே வெளியேறும். நாள்தோறும் கொடுத்தால் தேங்கி நஞ்சாகும். நோயாளி தள்ளாடுவார், நாக்குழறுவார், அறிவு மயங்குவார். அம்மயக்கத்தையும் மனநோயின் குறியென்றே மருத்துவர் பலர் கருதினர். என்னே விபரீதம்!

1869-இல் பெர்லின் நகரத்து ஆஸ்கர் லீப்ரைக் என்பார் குளோரல் ஹைட்ரேட் உறக்கம் தருவதைக் கண்டறிந்தார். 1882-இல் பாரால்டிஹைடு வந்தது. அதன் நெடி நோயாளியின் மூச்சுடன் கலந்து விடுதியெங்கும் வீசும். 1903-இல் எமில் ஃபிஷரும் மெரிங்கும் பார்பிட்டாலை அளித்தனர். 1920-இல் சூரிச் நகரில் யாக்கோப் கிளேசி, இவ்வின மருந்தால் நோயாளிகளைப் பல நாள் தொடர்ந்து உறங்கவைத்தார். நலம் பெற்றோர் உண்டு, உயிரிழந்தோரும் உண்டு. அந்த எச்சரிக்கை போதவில்லை. சிட்னியின் செம்ஸ்ஃபோர்டு தனியார் மருத்துவமனையில் 1963 முதல் 1979 வரை நடந்த ஆழ்துயில் சிகிச்சையால் 24 பேர் மாண்டதை அரசு விசாரணை ஆணையம் பின்னர் வெளிப்படுத்தியது.

1952-இல் பாரிஸில் டிலேயும் டெனிக்கரும் குளோர்புரோமசினை ஆராய்ந்தபோது புதுவழி பிறந்தது. அது உறக்கத்தில் ஆழ்த்தாமலே கலக்கத்தைத் தணித்தது, பொய்த்தோற்றங்களையும் குறைத்தது. நம் நாட்டுச் சர்ப்பகந்தாவுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1931-இல் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அம்மூலிகை மனநோய்க்கு உதவுதலை எழுதினர். 1952-இல் அதனின்று ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது.

ஆயினும், புதிய மருந்தையும் பழைய விலங்கைப்போல் ஆளமுடியும் என்பதே என் கருத்து. விடுதி அமைதியுற்றதைக் கண்டு நோயாளி குணமுற்றார் என முடிவு செய்தலாகாது. உங்களுள் நாளை மருத்துவராவோர், மருந்துச் சீட்டில் கையெழுத்திடுமுன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இம்மருந்து நோயாளியின் துயரைத் தீர்ப்பதற்கா, நம் தொல்லையைத் தீர்ப்பதற்கா?