விடுப்பும் வீடு திரும்பலும்: கொல்லிமலையிலிருந்து ஒரு நோக்கு

தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர், தண்டனைக் காலம் முடியுமுன் சில நாட்கள் வெளியே வந்து, குறித்த நாளில் மீண்டும் சிறை வாயிலில் ஆஜராகும் ஏற்பாடே தமிழ்நாட்டில் பரோல் என வழங்குகிறது. அரசாணைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் அதனை விடுப்பு என்று குறிக்கின்றன. மேலை நாடுகளில் அதே பெயரில் இயங்குவது வேறோர் அமைப்பு. 1840இல் நார்ஃபோக் தீவின் தண்டனைக் குடியிருப்புக்குப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் மகோனகி, கைதியின் உழைப்பையும் நடத்தையையும் மதிப்பெண்களாகக் கணக்கிட்டு, அவை சேரச் சேரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். 1850களில் அயர்லாந்தில் வால்டர் கிராஃப்டன் அம்முறையை விரிவாக்கினார். 1876இல் திறக்கப்பட்ட நியூயார்க் மாநிலத்து எல்மைரா சீர்திருத்தச் சிறையின் வழியே அது அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கெல்லாம் பரோல் என்பது, எஞ்சிய தண்டனையை ஓர் அலுவலரின் மேற்பார்வையில் சிறைக்கு வெளியே கழிக்கும் நிபந்தனை விடுதலையாகும். இந்தியாவில் அந்த இடத்தை முன்விடுதலை நிரப்புகிறது; ஆனால் முன்விடுதலை பெற்றவருடன் தொடர்ந்து நடந்துவரும் அலுவலர் பெரும்பாலும் இல்லை. இதனால், தண்டனைக் கைதியை அவருடைய வீட்டிலும் ஊரிலும் வைத்து அரசு நேராகக் காணக்கூடிய ஒரே காலம் விடுப்புக் காலமே என்றாகிறது. விடுப்பைச் சலுகையாகக் கருதும் வழக்கத்தைக் கைவிட்டு, ஊர் திரும்புதலின் பயிற்சியாகக் கருதினால் என்ன மாறும் என்பதே இவ்வுரை ஆராயும் பொருள். அதற்கு நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை தக்க களமாக அமைகிறது. மலைமேல் வாழும் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு விதிகள் எப்படிப் போய்ச் சேருகின்றன என்று பார்த்தால்தான் அவ்விதிகளின் உண்மை நிலை தெரியும்.

தமிழ்நாட்டில் விடுப்பை ஒழுங்குபடுத்துவது 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். தண்டனையை நிறுத்திவைக்க மாநில அரசுக்கு உள்ள அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 473ஆம் பிரிவாக உள்ளது. விதிகளின்படி விடுப்பு இருவகைப்படும். நெருங்கிய உறவினரின் இறப்பு, கடும் நோய், திருமணம் போன்றவற்றுக்காகச் சில நாட்கள் தரப்படுவது அவசர விடுப்பு. மூன்றாண்டு சிறைவாசம் முடித்தவருக்கு 21 நாள் முதல் ஒரு மாதம் வரை தரப்படுவது சாதாரண விடுப்பு. ஒருமுறை சென்று திரும்பியவர் அடுத்த சாதாரண விடுப்புக்கு மேலும் ஈராண்டு சிறையில் கழித்திருக்க வேண்டும். வேறு வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு இவ்வாயில் பொதுவாக அடைபட்டிருக்கும். விதிகளிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை அரசு தன்னிடம் வைத்துள்ளது.

சாதாரண விடுப்பைக் கோருவதற்குரிய காரணங்களை 20ஆம் விதி வரிசைப்படுத்துகிறது. குடும்பத்தின் பிழைப்புக்கும் விடுதலைக்குப் பின்னான வாழ்வை அமைத்துக்கொள்வதற்கும் ஏற்பாடு செய்தல் முதலில் வருகிறது. பிள்ளைகளைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்த்தல், குடியிருக்கும் வீட்டைக் கட்டுதல் அல்லது பழுதுபார்த்தல், திருமணம், பாகப்பிரிவினை போன்ற குடும்பத் தகராறுகளைத் தீர்த்தல், விதைப்பு, அறுவடை முதலிய வேளாண் வேலைகள், இறுதியாக அசாதாரணக் காரணங்கள் என்று அது தொடர்கிறது. இதனை வகுத்தவர்களின் மனத்தில் இருந்த கைதி, நிலமும் வீடும் பிள்ளைகளும் உடைய ஒரு கிராமத்து மனிதர் என்பதில் ஐயமில்லை. சிறைக்குள் இருக்கும்போதே அவர் வெளிவாழ்வின் கயிற்றைக் கைவிடாமல் பிடித்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த முதற்காரணத்திலேயே வெளிப்படையாக உள்ளது. விதியின் இந்த நல்லெண்ணம் போதிய அளவு மதிக்கப்படவில்லை என்றே கூற வேண்டும். விடுப்பு உரிமையன்று என்ற வாசகம் அலுவலகங்களில் முன்னால் நிற்கிறது. வாழ்வை அமைத்துக்கொள்ளுதல் என்ற வாசகம் பின்னால் ஒதுங்குகிறது.

கொல்லிமலையைச் சேர்ந்த ஒருவர் நாமக்கல் மாவட்ட நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றால், அவர் பெரும்பாலும் சென்று சேரும் இடம் சேலம் மத்திய சிறை. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் சிறைக்குரிய ஊர் சேலமாகவே நீடிக்கிறது. மலையில் வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்த ஊர்களில், ஒரு சிற்றூருக்கும் மறு சிற்றூருக்கும் இடையே பள்ளத்தாக்கு குறுக்கிடும் நிலப்பரப்பில், சாமையும் மரவள்ளியும் மிளகும் காப்பியும் பயிரிட்டு வாழ்பவர்கள். சேலத்துக்கு மனு பார்க்கச் செல்லும் மனைவி, அதாவது சிறையில் உள்ளவரைச் சந்திக்க எழுதிக்கொடுத்துக் காத்திருப்பவர், முதலில் செம்மேடோ சோளக்காடோ வந்து பேருந்து ஏற வேண்டும். காரவள்ளி வழியே இறங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பிறகு சமவெளிப் பயணம். சிறை வாயிலில் காத்திருப்பு. சில நிமிடப் பேச்சு. கடைசிப் பேருந்துக்குள் திரும்பல். ஒரு நாள் கூலி போவதோடு பேருந்துக் கட்டணமும் சேர்வதால், சந்திப்புகள் காலப்போக்கில் அருகுகின்றன. கணவனின் விடுப்பு மனுவுக்குத் தேவையான தாள்களைத் திரட்ட வேண்டியவரும் இதே பெண்தான் என்பது பலருக்கும் தோன்றாத செய்தி.

மனு செல்லும் வழி நீண்டது. கைதி எழுதிக் கொடுப்பதைச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டத்தின் நன்னடத்தை அலுவலருக்கு அனுப்புகிறார். அவர் வீட்டுக்குச் சென்று விசாரித்து, காவல் நிலையத்தின் கருத்தையும் பெற்று அறிக்கை தருகிறார். அதன்மீது சிறைத்துறைத் துணைத்தலைவர் ஆணையிடுகிறார். பொறுப்பேற்று அழைத்துச் செல்லவும் திருப்பிக் கொண்டுவந்து விடவும் உறவினர் ஒருவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும்; பிணைப் பத்திரம் கேட்கப்படும்; வெளியே வந்த பின் குறித்த காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு படியும் தனித்தனியே நியாயமானதே. அவை ஒன்றன்பின் ஒன்றாக நகரும் வேகம்தான் மலைக்குப் பொருந்துவதில்லை. சாமை வைகாசி, ஆனி மழையை நம்பி விதைக்கப்படுவது. மழை விழுந்த சில நாட்களுக்குள் உழுது தெளித்தாக வேண்டும். விதைப்புக்கென விடுப்புக் கேட்டு மனுக் கொடுத்தவருக்கு ஆணை கிடைக்க இரண்டு மாதம் ஆனால், அவர் வந்து காண்பது களை எடுக்கும் பருவத்தை. மிளகுக்கும் இதே நிலை: தை, மாசியில் சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கொடியிலிருந்து பறிக்கும் வேலைக்கு ஆள் கூலி மிகுதி; ஆண் துணையற்ற குடும்பம் கொடியோடு வியாபாரிக்கு விலைபேசி விட்டுவிட்டால், ஆண்டின் ஒரே ரொக்க வருவாய் குறைந்த விலைக்குப் போய்விடும். விதி வேளாண் வேலையை ஏற்றுக்கொள்கிறது. நடைமுறையோ பருவத்தை ஏற்பதில்லை.

விடுப்பு மறுக்கப்படுவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. இதனை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. கொலை வழக்கில் தண்டனை பெற்றவரின் வீடும் உயிரிழந்தவரின் வீடும் ஒரே சிற்றூரில், சில சமயம் ஒரே பங்காளி வகையறாவுக்குள், ஒரே நீர்த்துறையைப் பயன்படுத்தும் தொலைவில் இருக்கும்போது, ஒரு மாத விடுப்பு இரு குடும்பங்களுக்கும் அச்சம் தரும் மாதமாகலாம். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு காவல்துறை அவ்வப்போது கேட்டுக்கொள்ளும் மலையில் இந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் விசாரணை அறிக்கை ஆட்சேபணை உண்டு என்பதோடு நின்றுவிடுவதுதான் குறை. உயிரிழந்தவரின் குடும்பம் எதற்கு அஞ்சுகிறது, விடுப்பில் வருபவர் வேறோர் ஊரில் உறவினர் வீட்டில் தங்கினால் அது தணியுமா, ஊர்ப் பெரியவர்கள் நடுநின்று பேசினால் என்ன நிலை என்று கேட்டு எழுதப்பட்ட அறிக்கை, ஆணையிடும் அலுவலருக்கு மறுப்பைத் தவிர வேறு வழிகளையும் காட்டும். மலையாளிகளின் ஊர்க் கூட்டங்களில், தவறிழைத்தவருக்கு அபராதம் விதித்து, அதனைச் செலுத்தியவரை மீண்டும் ஊரோடு சேர்த்துக்கொள்ளும் மரபு உண்டு. அக்கூட்டங்கள் பெண்களின் குரலைப் போதிய அளவு கேட்டதில்லை. குற்றவியல் நீதியை அவற்றிடம் ஒப்படைக்கவும் கூடாது. ஆனால் தண்டனைக்கு ஒரு முடிவு நாள் உண்டு, அந்த நாளை ஊர் முழுவதும் கூடி அறிய வேண்டும் என்ற அறிவு அம்மரபில் இருந்தது. அரசின் விடுதலையில் அப்படி ஒரு நாள் இல்லை. சிறை வாயிலில் வழங்கப்படும் விடுதலைச் சான்றை ஊரில் எவரும் படிப்பதில்லை.

நீதிமன்றங்கள் இதில் அலுவலகங்களை விடத் தெளிவாகப் பேசியுள்ளன. 2017இல் அஸ்ஃபாக் எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், குடும்பத்தோடும் சமூகத்தோடும் உறவு அறுந்துபோகாமல் காப்பதே பரோலின் நோக்கங்களுள் ஒன்று என்று விளக்கியது. 2018 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்த ஆயுள் கைதி ஒருவர் மனைவியுடன் இருப்பதற்கு இரண்டு வார விடுப்பு வழங்கியது. 2022இல் அந்நீதிமன்றத்தின் முழு அமர்வு, தாம்பத்தியத்துக்கென்று தனியே விடுப்புக் கோர முடியாது எனினும், குழந்தைப் பேற்றுக்கான மருத்துவச் சிகிச்சை அசாதாரணக் காரணம் என்ற வகையில் அடங்கக்கூடும் என்று கூறியது. மறுபுறம், 2023இல் கோவா மாநில வழக்கொன்றில், முன்விடுதலைக்கு வேண்டிய 14 ஆண்டு உண்மைச் சிறைவாசத்தில் பரோல் நாட்களைச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுப்பில் செல்லும் ஒவ்வொரு நாளும் முன்விடுதலைக்கான தகுதி நாளைத் தள்ளிப்போடும் என்பது இதன் பொருள். வீட்டைக் கவனித்துக்கொண்டவர் அதற்கென்றே பின்னும் சில காலம் உள்ளே இருக்க நேர்கிறது. பரோல் ஊர் திரும்புதலின் பகுதி என ஏற்றுக்கொண்டால், இந்தக் கணக்கைச் சட்டமன்றம் மறுபரிசீலனை செய்வதே முறை.

தமிழ்நாட்டில் பரோலைப் பொதுமக்கள் அறிந்தது பெரும்பாலும் ராஜீவ் காந்தி கொலை வழக்கின் வழியே. அவ்வழக்கில் 1991 ஜூனில் கைதான பேரறிவாளன் முதல் விடுப்பில் ஜோலார்பேட்டை வீட்டுக்கு வந்தது 2017 ஆகஸ்டில். இடையில் கழிந்தவை 26 ஆண்டுகள். அதே வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த நளினி, மகளின் திருமண ஏற்பாட்டுக்கென 2019 ஜூலையில் ஒரு மாத விடுப்புப் பெற்றார். பேரறிவாளனை 2022 மே 18 அன்றும், நளினி உள்ளிட்ட ஆறு பேரை அதே ஆண்டு நவம்பர் 11 அன்றும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர்களுக்கு வழக்கறிஞர்கள் இருந்தனர், செய்தியாளர்கள் இருந்தனர், பேரறிவாளனுக்காக ஓயாமல் அலைந்த தாய் இருந்தார். அரியூர் நாட்டிலிருந்து சென்ற ஒருவரின் மனு எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்க யாரும் இல்லை.

முன்விடுதலை அறிஞர் அண்ணா பிறந்தநாள் போன்ற வேளைகளில் மொத்தமாகவும், அறிவுரைக் கழகத்தின் பரிந்துரை வழியாகத் தனித்தனியாகவும் நிகழ்கிறது. 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி 1,405 ஆயுள் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். இத்தகைய ஆணைகள் மனிதநேயம் மிக்கவை. அவற்றை வரவேற்க வேண்டும். ஆனால் ஆணைக்கும் வாயில் திறப்பதற்கும் இடையே ஏற்பாட்டுக்கெனக் காலம் ஒதுக்கப்படுவதில்லை. மலைக்குத் திரும்புபவர் முதல் வாரத்தில் காண்பவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். குடும்ப அட்டையில் அவர் பெயர் நீங்கியிருக்கும். வங்கிக் கணக்கு செயலற்றுப் போயிருக்கும். கைப்பேசி எண் இல்லாததால் எந்த விண்ணப்பத்துக்கும் வர வேண்டிய கடவு எண் வராது. தந்தை இறந்தபின் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும். காட்டை ஒட்டிய அனுபவ நிலத்துக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி மனுக் கொடுக்கும்போது அவர் ஊரில் இருந்திருக்க மாட்டார். எங்கேனும் களவு நடந்தால் காவல் நிலையத்திலிருந்து முதல் அழைப்பு அவருக்கு வரும். விடுதலையானோர் உதவிச் சங்கம் தமிழ்நாட்டில் உண்டு. தொழில் தொடங்க உதவி செய்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதற்கும் விவரம் தெரிந்து கீழே இறங்கி வர வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் தொடங்கி ஈராண்டுக்கு ஒருமுறை என்று கணக்கிட்டால், 14 ஆண்டு சிறையில் கழிக்கும் ஒருவருக்கு விதிப்படி ஏறக்குறைய ஆறு சாதாரண விடுப்புகள் கிடைக்கலாம். மொத்தமாக ஆறு மாதத்துக்கு மேல் போகாது. இந்த ஆறு மாதத்தைப் பகுத்துப் பயன்படுத்த வகையுண்டு. தொடக்க விடுப்புகள் குடும்பத்துக்கும் வீட்டுக்கும் நிலத்துக்கும் உரியவை. வேளாண் காரணத்துக்கான மனுக்களை நன்னடத்தை அலுவலர் பருவத்துக்கு மூன்று மாதம் முன்னரே ஆண்டுதோறும் கேட்டுப் பெற்று, செம்மேட்டில் ஒரே நாளில் காவல் ஆய்வாளரையும் கிராம நிர்வாக அலுவலரையும் வைத்து விசாரித்துவிடலாம். மலைக்குத் தனித்தனியே பலமுறை ஏற வேண்டியதில்லை. கடைசி விடுப்பு முழுவதையும் விதியின் முதற்காரணத்துக்கென ஒதுக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தில் குடும்ப அட்டைத் திருத்தம், பழங்குடிச் சான்று, ஆதார் புதுப்பிப்பு, வங்கிக் கணக்கு, கைப்பேசி எண், பட்டா மாறுதல் மனு ஆகியவை முடிய வேண்டும். காவல் நிலையத்தில் அன்றாடம் இடும் கையெழுத்தோடு வாரம் ஒருமுறை நன்னடத்தை அலுவலரின் கையெழுத்தும் பதிவேட்டில் சேர வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு பேசிய விவரம் அவ்வலுவலர் தரும் அறிக்கையில் தனிப் பத்தியாக இடம்பெற வேண்டும். அந்த அறிக்கையையே அறிவுரைக் கழகம் முன்விடுதலைக்கு முதல் ஆவணமாக எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. 1982ஆம் ஆண்டு விதிகளின்கீழ் சிறைத்துறைத் தலைமை இயக்குநர் அனுப்பும் ஒரு சுற்றறிக்கையும், மலைக்கு ஏறி இறங்கும் நன்னடத்தை அலுவலருக்கு ஒரு வண்டியும் அதற்கான எரிபொருள் செலவும் போதும்.