மறைந்த இருப்புப்பாதையின் வழியே

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. அம்மரபை மீறி நாங்கள் இன்று ஒரு வழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அவ்வழியில் இன்று தண்டவாளம் இல்லை, நிலையங்கள் இல்லை, புகைவண்டியின் கூவலும் இல்லை. ஆயினும் நம்மிற் பலருடைய குடும்ப வரலாறு அவ்வழியோடு பிணைந்து கிடக்கிறது. சென்ற தைத் திங்களில் நம் குடியிருப்பிலிருந்து பதினொருவர் அதனைக் காணச் சென்றோம். எங்களுள் ஒருவர் நின்று பேசினாலும், இவ்வுரை பதினொருவர்க்கும் உரியது.

அத்திபெலேயில் வாழும் நாம் நாள்தோறும் காண்பது நெடுஞ்சாலை, எல்லை வளைவு, தொழிற்சாலைக்கு விரையும் பேருந்து. எல்லையைக் கடந்தால் ஓசூர். அதற்கு அப்பால் கெலமங்கலம், இராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு, தருமபுரி. இப்பெயர்களைக் கேட்டவுடன் இங்கு அமர்ந்திருப்போரில் பலர் முகம் மலர்வதைக் காண்கிறோம். அவை உங்கள் பாட்டன் பாட்டியர் ஊர்கள். அவ்வூர்களை இணைத்து ஒரு காலத்தில் ஒரு சிறிய புகைவண்டி ஓடிற்று என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டிற்று. அன்றைய சேலம் மாவட்டம் அதில் பெருந்துயர் உற்றது. கடற்கரையில் தானியம் வந்து குவிந்தும், உள்நாட்டு ஊர்களுக்கு அது எட்டவில்லை. வண்டி இழுக்கும் மாடுகளே தீவனமின்றி மடிந்தபோது, மூட்டையைச் சுமப்பது யார்? இருப்புப்பாதை உள்நாட்டிற்குள் செல்லவேண்டும் என்று 1880-ஆம் ஆண்டின் பஞ்ச ஆணைக்குழு வலியுறுத்தியது அதனாலேயே. அக்கருத்தின் பயனாகத் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இலும் குறுகிய இருப்புப்பாதைகள் திறக்கப்பட்டன. தருமபுரிப் பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது. தண்டவாளங்களின் இடைவெளி 762 மில்லிமீட்டர். இன்றைய அகலப் பாதையின் 1676 மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவு. குறுகிய பாதை கூர்மையான வளைவுகளில் திரும்பும், குன்றைக் குடையாமல் சுற்றிச் செல்லும், செலவும் சுருங்கும். ஏழை நாட்டிற்கு ஏற்ற எளிய வண்டி அது.

அவ்வெளிய வண்டியும் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் மூண்டது; 1941-இல் பாதை மூடப்பட்டது; தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பஞ்சத்திற்கு அஞ்சி இட்ட இரும்பைப் போர் விழுங்கிற்று. பின்னர் 1960-களின் இறுதியிலேதான் பெங்களூரையும் சேலத்தையும் இணைத்து இவ்வழியே மீண்டும் வண்டி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வானம் பொய்த்த போதெல்லாம் மக்கள் என் செய்தனர்? மூட்டை கட்டினர், சாலையில் இறங்கினர், வேலையுள்ள ஊரை நாடினர். அங்ஙனம் நாடி வந்தோரின் மக்களும் பேரர்களும் நம்மிடையே இருக்கின்றனர் அல்லரோ!

இனி எங்கள் பயணத்தைச் சொல்வோம். இளைஞர் நால்வர் விடியற்காலையில் மிதிவண்டியில் புறப்பட்டு ஓசூர், கெலமங்கலம் வழியாக ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் மிதித்தனர். மற்றையோர் ஆனேக்கல் சாலை நிலையத்தில் பயணிகள் வண்டி ஏறினோம். இராயக்கோட்டையில் இரு பிரிவினரும் கூடினோம். ஊருக்கு மேலே உயர்ந்து நிற்கிறது 1791-இல் ஆங்கிலேயர் திப்புசுல்தானிடமிருந்து கைப்பற்றிய மலைக்கோட்டை. அதன் அடியில் தக்காளித் தோட்டங்கள், அறுவடை முடிந்த கேழ்வரகு வயல்கள், புளியமரங்கள், இடையிடையே வெண்பாறைக் குன்றுகள். கட்டுச்சோற்றைப் பிரித்து மரநிழலில் உண்டோம். நகரத்தில் உணவைப் பிணங்கி ஒதுக்கும் குழந்தைகள் அன்று புளிச்சோற்றை இருமுறை கேட்டு உண்டனர்.

பழைய பாதையில் பெரும்பகுதி வயலாகவும் சாலையாகவும் வீடாகவும் மாறிவிட்டது. எனவே ஊர்ச் சாலைகளிலும் வண்டித் தடங்களிலும் நடந்து, கண்டோரிடம் கேட்டுக் கேட்டே சென்றோம். ஒரு சிற்றூரில் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி எங்களை அழைத்து, "எந்த ஊரு சாமி? வெயில்ல எதைத் தேடறீங்க?" என்று வினவினார். சொன்னோம். அவர் சிரித்து, வயல்களின் நடுவே நேராக ஓடிய ஒரு தாழ்ந்த மேட்டைக் கை நீட்டிக் காட்டினார். "எங்கம்மா அதுலதான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தா. வண்டி மேடு ஏறையில ஆம்பளைங்க இறங்கிக் கூடவே நடப்பாங்களாம்" என்றார். எங்களுடன் வந்த சிறுமி ஒருத்தி உடனே அம்மேட்டின் மீது ஏறி நின்றாள். "பாட்டி, அந்த அம்மா எந்தப் பக்கமிருந்து வந்தார்கள்?" என்று கேட்டாள். மூதாட்டி காட்டிய திசையை அவள் நெடுநேரம் நோக்கி நின்றாள். எத்தனை நூல் படித்தாலும் வாராத உணர்வு அது.

அன்பர்களே! மகிழ்ச்சியை மட்டும் சொல்லி, எங்கள் பிழையை மறைத்தல் முறையன்று. மாலையில் நிலையத்திற்குத் திரும்பும்போது, சுற்றுவழியைத் தவிர்க்க எண்ணி, இன்றைய தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்தோம். சிறுவன் ஒருவன் செவியில் பாட்டுக் கருவியுடன் முன்னே சென்றான். வளைவுக்கு அப்பாலிருந்து வண்டி வந்தது. கூவினோம், அவன் செவியில் விழவில்லை. பின்னால் ஓடிய இளைஞர் ஒருவர் அவனைப் பற்றி இழுத்தார். வண்டி கடந்து சென்றபின் எங்களுள் ஒருவரும் பேசவில்லை. அவன் தாய் இப்போது இவ்வவையில்தான் அமர்ந்திருக்கிறார். அவர்முன் சொல்கிறோம்: குற்றம் முழுதும் பெரியவர்களாகிய எங்களுடையது.

ஓடும் பாதையில் நடப்பது 1989-ஆம் ஆண்டின் இருப்புப்பாதைச் சட்டப்படி தண்டனைக்குரியது. சகலேசபுரத்திலிருந்து சுப்பிரமணியா செல்லும் மலைப்பாதையில் ஐம்பதுக்கு மேற்பட்ட குகைகள் உண்டு. 1996-இல் அகலப்படுத்துவதற்காக அது மூடப்பட்ட காலத்தில் பலர் அங்கே நடந்து மகிழ்ந்தனர். இன்று அங்கே வண்டிகள் ஓடுகின்றன. அங்கே நடக்க விரும்பும் இளைஞர் நம் குடியிருப்பிலும் உளர். அவ்வெண்ணத்தை அவர்கள் விடவேண்டும். ஓடும் பாதை வண்டிக்கு உரியது. ஓய்ந்த பாதையே காலுக்கு உரியது.

ஓய்ந்த பாதையைப் பேணுவது புதுமையும் அன்று. அமெரிக்காவின் விஸ்கான்சினில் எல்ராய் முதல் ஸ்பார்ட்டா வரை கைவிடப்பட்ட பாதை 1967-இலேயே மிதிவண்டி வழியாயிற்று. நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 152 கிலோமீட்டர் நீளப் பாதை 2000-இல் நடப்போர்க்கும் மிதிப்போர்க்கும் திறக்கப்பட்டது. வழிப்போக்கர் தங்குவதால் ஆங்குள்ள சிற்றூர்கள் பிழைக்கின்றன. நம் மேட்டையோ ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏர் தின்கிறது, மனைப்பிரிவும் தின்கிறது. உழவரைக் குறை கூறோம். நிலம் அவர்க்கு வாழ்வு. ஆனால் எஞ்சியது எங்கெங்கே உள்ளது என்பதையேனும் எழுதிவைத்தல் வேண்டாவா?

ஆகவே சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஆண்டுதோறும் தைத் திங்களில் ஒரு நாள், ஊர்ச் சாலைகள் வழியாக மட்டுமே, குடும்பங்களோடு இப்பயணம் நிகழவேண்டும். பழைய பாதையின் மேடும் மதகும் கண்ட இடங்களைப் பிள்ளைகள் வரைபடத்தில் குறிக்கவேண்டும். நம் வீட்டு முதியோர் அவ்வண்டியைப் பற்றிக் கேட்டறிந்தவற்றைச் சங்கம் ஏட்டில் பதிவுசெய்யவேண்டும். மூன்றாவது பணியை இன்றே தொடங்கலாம். ஏனெனில் மேடு காத்திருந்தாலும் முதுமை காத்திராது.

அச்சிறுமி வீடு திரும்பியதும் தன் பாட்டியிடம் சென்று, "நீங்கள் எந்த வழியாக இவ்வூருக்கு வந்தீர்கள்?" என்று கேட்டாளாம். அன்றிரவு அவ்வீட்டில் விளக்கணைய நெடுநேரம் ஆயிற்றாம். உங்கள் வீடுகளிலும் அவ்வினா எழுக என்று வேண்டி அமைகிறோம்.