கொழுந்து கிள்ளும் கரமும் கறுப்பு அங்கியும்

கூடலூர்ப் பக்கத்திலே ஒரு காட்சி. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த தாயின் கரத்திலே ஒரு காகிதம், நீதிமன்ற அறிவிப்பு. பக்கத்து லயன் வீட்டுப் பையன் எழுத்தைக் கூட்டிப் படிக்கிறான், பொருள் புரியவில்லை. எந்த வக்கீலைப் பார்ப்பது? எவ்வளவு கேட்பார்? கேள்வி இருக்கிறது; விடை இல்லை!

நாடகக்காரனின் கற்பனை என்று நகைத்திடாதீர்! இந்த மலையை ஆள்வது மழையும் பனியும் மட்டுமல்ல, சட்டமும்தான். 1969இலே கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம். 1995இலே கூடலூர்க் காட்டை முன்வைத்துக் கோதவர்மன் வழக்கு. அவ்வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்சநீதிமன்றம் இட்ட ஆணை, இந்தியக் காடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்திற்று! வழக்கு பிறந்தது இந்த மலையிலே. வாதாட எழுந்தவர்களில் மலையின் மக்கள் எத்தனை பேர்?

அந்தக் கறுப்பு அங்கிக்கு வழி உண்டு, தோழர்களே! ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பு. பட்டம் பெற்றுப் பின்னர் மூன்றாண்டு சட்டம் பயிலக் காத்திருக்க வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நுழையலாம். வழக்கறிஞர் மன்ற விதிப்படி பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு மதிப்பெண். பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் 40.

வாயில் இரண்டு. ஒன்று, திருச்சியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம். அங்கே ‘கிளாட்’ நுழைவுத் தேர்வு; வினாத்தாள் ஆங்கிலம்; பயிற்சிக்குப் பணம்! மற்றொன்று, 1997இலே அண்ணல் அம்பேத்கர் பெயரால் எழுந்த தமிழ்நாட்டுச் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசுக் கல்லூரிகள். அங்கே நுழைவுத் தேர்வு இல்லை; பள்ளி மதிப்பெண்ணே அளவுகோல். 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு தனி இடமும் உண்டு.

வாயில் திறந்துவிட்டதென்று வாளாவிருக்கலாமா? அந்த 7.5, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கு. உதவி பெறும் பள்ளி அந்தக் கணக்கில் சேராது. இதை அறியாத பெற்றோர், இடையிலே பள்ளியை மாற்றிவிட்டு உரிமையை இழக்கிறார்கள். மலையிறங்கிக் கோவைக் கல்லூரிக்குப் போனால் விடுதிச் செலவு. 1964 ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைகளுக்கோ, சாதிச் சான்றிதழ் வாங்குவதே பெரும்பாடு!

கல்லூரியை இடையிலே விட்டவன் நான். இழந்ததன் விலை தெரிந்ததால் சொல்லுகிறேன்: கொடி கட்டும் கரங்கள் விண்ணப்பமும் எழுதட்டும்! தேர்வு முடிவு வரும்வரை காத்திராதீர். இன்றே சான்றிதழுக்கு மனுப் போடுங்கள். செல்பேசிக்குச் செய்தி எட்டாத லயன்களுக்கு, நாம் நடந்து செல்வோம். கிளைக்கு ஒரு பிள்ளை! அதுவே இவ்வாண்டு நம் கணக்கு.

மீண்டும் அந்தக் காகிதம் வரும். அன்று அதைப் படித்துப் பொருள் சொல்ல அந்தத் தாயின் மகளே இருக்க வேண்டும்.