கையெழுத்து சேர்த்துக் கொண்டுவந்த நீதிபதி



அமெரிக்காவில் ஃபிளாரன்ஸ் ஆலன்னு ஒரு அம்மா இருந்தாங்க. 1884-ல் பிறந்தவர். பியானோ வாசிக்கணும்னுதான் ஆசை. நரம்பு பாதிப்பால் அது நின்னுபோச்சு. பிறகு சட்டம் படித்தார். ஒஹையோ மாநிலத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஊர் ஊராகப் பேசினார்.

1920 ஆகஸ்டில் ஓட்டுரிமை வந்தது. நவம்பரிலேயே நீதிபதி தேர்தல். (அந்த மாநிலத்தில் நீதிபதிக்கும் ஓட்டுப் போடணும்!) கட்சிகள் ஏற்கெனவே வேட்பாளர்களை முடிவு செஞ்சாச்சு. கூடப் போராடிய பெண்கள் சும்மா இருக்கலை. மனுவில் கையெழுத்து சேர்த்து அவரை நிறுத்தினாங்க. ஜெயித்தார். 1922-ல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கும் போனார்.

1934-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரை மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். செனட் சபை ஒப்புதல் தந்தது. இதற்குத் தேர்தல் கிடையாது, ஆயுள் முழுக்கப் பதவி. அங்கே நுழைந்த முதல் பெண் இவர்தான். 1958-ல் அந்த நீதிமன்றத்துக்கே தலைமை நீதிபதி ஆனார்.

ஆனா பாருங்க, அப்படிப்பட்ட நீதிமன்றத்துக்கு அடுத்த பெண் வந்தது 1968-ல்தான். 34 வருஷம்! ஒருத்தி உள்ளே போனா கதவு தானா திறந்துடும்னுதானே நாமும் நினைக்கிறோம்?

நம்ம கூட்டமைப்புப் பொறுப்பாளர் தேர்தல் வருது. போன தடவை பேர் சொல்ல ஆளில்லாம ரெண்டு பதவி காலியாக் கிடந்தது. இந்த வாரக் குழுக் கூட்டத்தில் யார் பேரை முன்மொழியப் போறீங்க?