கத்திரிக்கு முன்னால் ஒரு பண்டிகை



பங்குனி பாதி தாண்டினால் போதும், சந்தையைப் பார்த்தே பண்டிகை வருவது தெரிந்துவிடும். மாவடு கூடை கூடையாக வந்து இறங்கும். பக்கத்திலேயே கிளிமூக்கு மாங்காய். தெருவோரத்து வேம்பு பூத்து, காலையில் வாசல் பெருக்க வருகிறவர்கள் துடைப்பத்தோடு சற்று நின்று யோசிப்பார்கள்: இதைக் கூட்டி ஒதுக்குவதா, முறத்தில் அள்ளுவதா? கொன்றை மரம் இலையைக் குறைத்துக்கொண்டு மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும். இவ்வளவும் சேர்ந்ததுதான் சித்திரைப் பிறப்புக்கான சாமான் பட்டியல். கடையில் போய்ப் பெரிதாக வாங்க வேண்டியது வெல்லம் ஒன்றுதான்.

குளிர்நாடுகளில் வசந்தம் என்றால் பனி போயிற்று என்ற சந்தோஷம். நம் ஊரில் நிலைமை வேறு. சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்று நம் பெரும்பொழுதுக் கணக்கு சொல்கிறது. வெயில் அந்த வரிசைக்குக் காத்திருப்பதில்லை. சித்திரை முதல் நாள் பெரும்பாலும் ஏப்ரல் 14. அக்கினி நட்சத்திரம், அதாவது கத்திரி வெயில், மே 4 வாக்கில் ஆரம்பம். நடுவில் இருப்பது 20 நாள். ஆக, நம் வசந்தப் பண்டிகை கோடையின் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பண்டிகைக்காக வீட்டில் கையால் செய்கிற ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள்: தோரணம், பச்சடி, பானகம், நீர்மோர், விசிறி. அலங்காரம் பாதி, வெயிலுக்கு முன்னேற்பாடு பாதி. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் வாசலிலிருந்து தொடங்குவோம். மாவிலைத் தோரணம் எல்லோருக்கும் தெரியும். காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேல் மடித்து, ஒரு ஈர்க்குத் துண்டால் குத்திச் செருக வேண்டியதுதான். இரண்டு மாவிலைக்கு நடுவே ஒரு வேப்பங்கொத்து. ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஈர்க்கைக் கொடுத்து உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

குருத்தோலைத் தோரணத்துக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். தென்னையின் உச்சியில் ஈட்டி மாதிரி நிமிர்ந்து, இன்னும் விரியாமல் நிற்கிறதே, அதுதான் குருத்து. வெயில் படாததால் பச்சையம் ஏறாமல், வெளிர் மஞ்சளாக, துணி போல மடங்கும். வெட்டிய பிறகு ஈரத்துணியில் சுற்றி வைத்தால்தான் அந்த நிறமும் மென்மையும் நிற்கும். ஓலையைக் கயிற்றின் மேல் போட்டு, இரு நுனியும் சமமாகத் தொங்கும்படி இழுத்து, கயிற்றுக்குக் கீழே ஈர்க்கால் செருகுங்கள். தொங்குகிற பகுதியைக் கத்தரியால் சாய்வாகக் கீறி, ஒவ்வொரு கீற்றையும் மடித்து அடுத்த கீறலில் நுழைத்தால் குருவி வால் போல விரியும். ஒன்று நினைவிருக்கட்டும்: சுபகாரியத்துக்குக் கட்டும் தோரணமும் துக்க வீட்டில் கட்டும் தோரணமும் மடிப்பில் வேறு வேறு. ஊரில் தெரிந்த பெரியவர் யாரிடமாவது ஒரு தடவை காட்டிவிட்டுக் கட்டுங்கள்.

குருத்தை வெட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. நன்றாக வளர்ந்த தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டைதான் விடும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. தென்னைக்குக் கிளை கிடையாது, வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். குருத்தை எடுக்கிற கை கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரமே போயிற்று. அதனால் விவரம் தெரிந்தவர்கள் காய்க்கிற மரத்தில் கை வைக்க மாட்டார்கள். வெட்டிப் போட இருக்கிற மரமாகப் பார்த்து எடுப்பார்கள்.

இதே குருத்து, பெரும்பாலும் இதே பங்குனியில், கிறிஸ்தவர் வீடுகளுக்கும் போகிறது. உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. ஓலையைக் கையில் பிடித்துப் பவனி வருவார்கள். பவனி முடிவதற்குள் பிள்ளைகள் கையில் ஓலை சிலுவையாகியிருக்கும், கிளியாகியிருக்கும், கைக்கடிகாரம்கூட ஆகியிருக்கும். மந்திரித்த ஓலைச் சிலுவை வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகப்பட்டு ஒரு வருஷம் இருக்கும். அடுத்த தவக்காலம் வரும்போது காய்ந்த ஓலைகளைக் கோயிலில் சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுகிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் மார்த்தோமா மரபுக் கிறிஸ்தவர்கள், பெரிய வியாழன் இரவு அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்க விடாமல் அவிக்கிற பெசகா அப்பத்தின் மேல் இந்தக் குருத்தோலையைத்தான் சிலுவையாக வைக்கிறார்கள். தொட்டுக்கொள்ள வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய பெசகாப் பால்.

வாசலிலிருந்து உள்ளே போவோம். கோவைப் பக்கமும் நெல்லைச் சீமையிலும் சித்திரைக் கனி பார்க்கிற வழக்கம் உண்டு. முதல் நாள் ராத்திரியே பூஜை அறையில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் தாம்பாளத்தில் மா, பலா, வாழை, எலுமிச்சை, வெற்றிலை பாக்கு, பூ, அரிசி, நகை, நாணயம் எல்லாம் பரப்புவார்கள். விடிந்ததும் பிள்ளைகளைக் கண்ணைப் பொத்தி அழைத்துவந்து முதலில் அதைக் காட்டுவார்கள். கேரளத்து விஷுக் கனியில் கொன்றைப்பூ இல்லாமல் முடியாது. கனி அடுக்குவது ஒரு நல்ல கைவேலை. உயரமானது பின்னால், சிறியது முன்னால், கண்ணாடியில் எல்லாமே இரண்டாகத் தெரியும்படி. இந்த வருஷம் அந்தப் பொறுப்பை வீட்டில் இருக்கிற பதினைந்து வயதுக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

இனி அடுக்களை. சித்திரை முதல் நாள் இலையில் மாங்காய்ப் பச்சடி விழாமல் சாப்பாடு தொடங்காது. இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, கசப்பு, துவர்ப்பு, ஆறு சுவையும் வாழ்க்கையில் கலந்து வரும் என்பதற்காக என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மாதத்தையும் கொஞ்சம் பாருங்கள். மாங்காய் கொட்டை கட்டியிருக்கிறது, இன்னும் பழுக்கவில்லை. வேம்பு பூத்திருக்கிறது. தை, மாசியில் காய்ச்சிய புதுவெல்லம் கடைக்கு வந்திருக்கிறது. மூன்றும் ஒரே வேளையில் கைக்குக் கிடைக்கிற மாதம் இது. தத்துவம் அப்புறம் வந்து இலையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

செய்முறை சுலபம். ஒரு பெரிய மாங்காயைத் தோல் சீவாமல் பத்தை போடுங்கள். துவர்ப்பு தோலிலும் கொட்டைப் பக்கத்திலும்தான் இருக்கிறது. அது மூழ்குகிற அளவு தண்ணீர், துளி மஞ்சள்தூள், உப்பு. குழையாமல் வெந்ததும், இரண்டு கோப்பை பத்தைக்கு முக்கால் கோப்பை வெல்லம் என்ற கணக்கில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். முதலிலேயே வெல்லத்தைப் போட்டால் மாங்காய் வேகாமல் விறைத்துக்கொள்ளும். பாகு கொஞ்சம் இறுகியதும் இறக்கி, கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்துக் கொட்டுங்கள். வேப்பம்பூவை மட்டும் தனியாக நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்னால் மேலே தூவுங்கள். பச்சடியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கசப்பு முழுக்க இறங்கி, பிள்ளைகள் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அந்த வேப்பம்பூவைச் சேகரிப்பதே ஒரு வேலை. சாயங்காலம் மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டால் விடிவதற்குள் பூ பொலபொலவென்று உதிர்ந்து கிடக்கும். காம்பும் குச்சியும் தூசியும் போகப் புடைத்து, நல்ல வெயிலில் மூன்று நாலு நாள் உலர்த்தினால் பழுப்பாகி மொறுமொறுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் அடுத்த சித்திரை வரை ரசத்துக்குக் கவலையில்லை. மாவடுவும் அப்படித்தான். உப்பு, மஞ்சள்தூள், கடுகுப்பொடி, கொஞ்சம் விளக்கெண்ணெய் போட்டுப் பிசறி ஜாடியில் வைத்து, தினம் ஒரு தடவை குலுக்கிவிட்டால் அதுவே தண்ணீர் விட்டுச் சுருங்கும். கத்திரி வெயிலில் சோறு இறங்காத நாளில் மோர்சாதமும் ஒரு மாவடுவும் போதும், சாப்பாடு முடிந்துவிடும்.

அடுத்தது பானகமும் நீர்மோரும். ராமநவமிக்கு நைவேத்தியம் இவைதான். திருச்சி பக்கத்து சமயபுரத்தில் இன்னும் விசேஷம். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக மாரியம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, இளநீர், நீர்மோர், பானகம்தான் படையல். ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவில் வெல்லம் கலந்தால் துள்ளுமாவு. அடுப்பே வேண்டாம் என்பதால் பிள்ளைகள் தனியாகச் செய்து பழகுவதற்கு இதைவிடத் தோதான பலகாரம் கிடையாது.

பானகத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் வெல்லம், அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, நாலு ஏலக்காய், ஒரு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. வெல்லத்தைக் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், மண் இருக்கும். கருப்பட்டி கிடைத்தால் இன்னும் வாசம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு நீர்மோர்ப் பக்கம் வந்துவிடலாம். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்த்தால் நீர்மோர். வியர்வையில் போகிற தண்ணீரும் உப்பும் இதில் திரும்பக் கிடைக்கின்றன.

கோடைக்காகவே ஒரு ஊர் முழுக்கக் கைவேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் சித்திரையில் மதுரைக்குப் போக வேண்டும். கள்ளழகர் வைகையில் இறங்கும்போது அவர்மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் தோளில் ஆட்டுத்தோல் துருத்தி தொங்கும். அழகர் வேஷத்துக்கு வண்ண உடுப்பும் தலைப்பாகையும் தைத்துக் கொடுத்தவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் நெடுங்காலம் கடை வைத்திருந்த தையற்காரர்கள். கடைகள் இப்போது இடம் மாறிவிட்டன. அந்த மண்டபமே 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியதுதான். சாமிக்குப் புழுங்கக் கூடாது என்று சுற்றிலும் தண்ணீர் நிரப்ப வாய்க்கால் விட்டிருக்கிறார்கள்.

வீட்டில் நம்மால் முடிந்தது பனையோலை விசிறி. வடலிப் பனையின் இளம் ஓலையை மட்டைக்காம்போடு எடுத்து, நிழலில் வாடவிட்டு, பலகைக்கு அடியில் வைத்து அழுத்த வேண்டும். மட்டமானதும் வட்டமாக நறுக்கி, ஓரத்தை ஓலை நாராலோ துணியாலோ கட்டித் தைத்தால் விசிறி தயார். காம்புதான் கைப்பிடி. ஓரத்துக்குச் சிவப்புத் துணி வைத்துத் தைத்து, வருகிற விருந்தாளிக்கு வெற்றிலை பாக்கோடு ஒன்று கொடுத்துப் பாருங்கள். மின்சாரம் நின்ற இரவில் உங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள்.

கடல் கடந்து யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று பார்த்தால், வருஷப் பிறப்பு மருத்துநீரில் தொடங்குகிறது. தாமரைப்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு முதலானவற்றைக் காய்ச்சிய நீரைக் கோயிலில் வாங்கிவந்து, புண்ணிய காலத்தில் தலையில் வைத்து முழுகுவார்கள். முற்றத்தில் கோலமிட்டுப் பொங்கல். பெரியவர்கள் கையால் கைவிசேடப் பணம். பலகாரத்தில் முதலிடம் பயற்றம் பணியாரத்துக்கு. வறுத்து இடித்த பயற்றம் மாவில் வெல்லமும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிடித்து, அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பார்கள். நாலைந்து நாள் கெடாது என்பதால் உறவு வீடுகளுக்குப் பெட்டி பெட்டியாகப் போகும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்தக் காலத்து ஆட்கள் அப்போதே எல்லாம் தெரிந்து வைத்திருந்தார்கள் என்று பெருமையடித்து முடிப்பது சுலபம். நான் அதற்கு வரவில்லை. அவர்கள் கண்ணெதிரே உதிர்ந்ததையும் காய்த்ததையும் எடுத்துக்கொண்டார்கள், வெயிலுக்குப் பயந்தார்கள், தமக்குச் செய்யும்போது வழிப்போக்கருக்கும் சேர்த்துச் செய்தார்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் நாம் கொஞ்சம் விட்டுவிட்டோம். பச்சடியும் பானகமும் இப்போது புகைப்படமாகிப் பக்கத்து வீட்டுக்குப் போகின்றன, டம்ளரில் போவதில்லை.

அதனால் இந்தச் சித்திரைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தோரணம் கட்டுங்கள், கனி அடுக்குங்கள், பச்சடி கிளறுங்கள். கடைந்த மோரில் இன்னும் இரண்டு குடம் தண்ணீர் விட நேர்ந்தாலும் பரவாயில்லை, உப்பை மட்டும் கூட்டிக்கொண்டு, வாசலில் நிழல் பார்த்து ஒரு மண்பானை வையுங்கள். தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும், பானைக்கு மூடியும் நீளக் கைப்பிடி அகப்பையும் இருக்கட்டும். தபால்காரர், சிலிண்டர் கொண்டு வருகிறவர், குப்பை வண்டிக்காரர், பைக்கில் சாப்பாடு கொண்டு வருகிற தம்பி, எல்லோருக்கும் அந்த வாசல்தான் தண்ணீர்ப் பந்தல். சித்திரை ஒன்றாம் தேதி வைத்த பானையை அன்றே எடுத்துவிடாதீர்கள். கத்திரி முடிய மே கடைசி வாரம் ஆகும். அதுவரை இருக்கட்டும்.