நோயாளியின் அருகே ஒரு நாற்காலி



மங்கலமான ஆண்டு விழாவில் மரணத்தைப் பற்றிய பேச்சா எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும், வேற்று மொழி வழங்கும் ஊரில் குடியிருக்கும் நமக்கு இது வேண்டிய பேச்சே என்று துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் காலனி நண்பரொருவரின் தாயார் நோய் முற்றி மருத்துவமனையில் கிடந்தார். அம்மூதாட்டியார் அறிந்தது தமிழ். நர்ஸ் அறிந்தது இந்தி. இடையே துபாஷியாக நாம் நின்றோம். அந்த நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, தம் உடல்நிலை பற்றி அம்மையார் என்ன எண்ணுகிறார் என்று கேட்கச் சொன்னார்.

"தம்பி, நான் பிழைப்பேனா? அதைக் கேட்டுச் சொல்லப்பா" என்றார் மூதாட்டியார்.

"நோய் முற்றிவிட்டது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம். யாரையேனும் காண விரும்புகிறாரா?" என்றார் நர்ஸ். வாசலில் நின்ற நண்பர் 'சொல்லாதீர்கள்' என்று கண்ணாலேயே கெஞ்சினார். "அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாமாம்" என்றோம் நாம்!

மறுநாள், ஊரிலுள்ள மகளை வரவழைக்கட்டுமா என்று நண்பர் கேட்டபோது, "வீட்டுக்குத்தான் போகப்போகிறோமே, அவளை எதற்கு அலைக்கழிக்கிறாய்?" என்று தடுத்துவிட்டார். நான்காம் நாள் காலமானார்.

பிறகே இதுபற்றித் தேடிப் படித்தோம். இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் நர்ஸாகப் பணியாற்றி, 1957இல் டாக்டராகி, 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். இறப்போரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதையும் அவர் சிகிச்சையாகவே கொண்டார். நம் நாட்டில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சங்கத்தின் தொண்டு, நோயாளியின் வீடு வரை செல்கிறது.

இத்துறையில் பயின்ற நர்ஸ்மார், நோயாளி எவ்வளவு அறிந்திருக்கிறார், இன்னும் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்றே முதலில் வினவுவர். அறிய விரும்பாதவர்மீது எதையும் திணிப்பதில்லை. 'சொல்லாதீர்கள்' என்னும் குடும்பத்தாரைக் கடிவதுமில்லை. அவர்களுடைய அச்சம் யாதெனக் கேட்பர். 'நாங்களாகச் சொல்லமாட்டோம், அவரே கேட்டால் பொய்யும் சொல்லமாட்டோம்' என்பது அவர்கள் மரபு. உறவினரையும் நண்பரையும் துபாஷியாக வைப்பது ஆகாது என்பதும் அவர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம். எம்மைப் போன்றவர்களைக் கண்டே அவ்விதி எழுந்தது போலும்!

ஆயினும் இவ்வூரில் வேறு துபாஷி ஏது? இனியும் எவரேனும் மருத்துவமனைக்கு அழைத்தால் எந்நேரமும் வருவோம். நர்ஸ் சொன்னதைச் சொன்னபடியே சொல்வோம் என்பதை மட்டும் இப்போதே தெரிவித்துக்கொள்கிறோம்.